போட்டோவில் குடியிருந்த வீட்டுக்காரர்

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கம் தேவநாதனுக்கு ஒரு வீடு. சூளை வேலையில் இருந்தவன் மஸ்கட் போய், வெயிலில் வெந்து, டைல்ஸ் ஒட்டிச் சம்பாதித்துக் கட்டியது. கட்டி என்ன? குடியிருக்கக் கொடுத்துவைக்கவில்லை. மனைவி பானுமதியைப் பெண்ணாடத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டு, வீட்டை வாடகைக்கு விட்டு, மறுபடி விமானம் ஏறினான்.

அன்றைக்குப் பிடித்தது சனி. மோட்டார் ஓடவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, மாடி ஒழுகுகிறது என்று வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவனுக்கு லீவு. அதையும் வீடு தின்றது. ஊரில் வாடகை வாங்கும் பொறுப்பு சித்தப்பா மகன் பாலகிருஷ்ணனுக்கு. அவனோ மகா சோம்பேறி, கேட்டுக்கு உள்ளே கால் வைக்கமாட்டான். குடிவருகிறவர்கள் ஆறு மாதம் தாங்கினாலே அதிகம்.

இரண்டாயிரத்து ஐந்தில் விருத்தாம்பாள் குடும்பம் குடிவந்தது. அதோடு புகார் நின்றது. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. போகப் போக, அட, ஒரு குழாய்கூடவா கெடவில்லை என்று தேவநாதன் யோசிக்க ஆரம்பித்தான்.

இரண்டு வருடம் கழித்து, போதுமடா சாமி என்று ஒரேயடியாக ஊர் திரும்பினான். இனி பானுமதியோடு சொந்த வீட்டில் வாழவேண்டும், வேறு ஆசையில்லை. காலி செய்யச் சொல்வதற்கு நேரே போனான். பட்டப்பகல். கதவு திறந்தே கிடந்தது. ஊதுபத்தி வாசனை வந்தது. புதுமனை புகுந்தபோது பானுமதி ஹாலில் மாட்டிய அவனுடைய பெரிய போட்டோ அங்கேயே இருந்தது. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலே மல்லிகைச் சரம், சிவப்புக் குட்டி பல்பு. எதிரே இரண்டு பெண்கள் கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றார்கள். தேவநாதன் வாசலில் நின்று செருமினான்.

இருவரும் திரும்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரி வீல் என்று கத்திக்கொண்டு ஓடினாள். விருத்தாம்பாள் ஓடவில்லை.

"வாங்க ஐயா," என்றாள், தினமும் பேசிப் பழகியவள் மாதிரி.

"நான் சாவலம்மா! மஸ்கட்லேர்ந்து வரேன்."

"போட்டோவுல இருக்கறவரு யாருன்னு உங்க தம்பிகிட்ட கேட்டேன். வூட்டுக்காரரு, போயிட்டாருன்னாரே."

"மஸ்கட்டுக்குப் போயிட்டேன்னு சொல்லித் தொலைச்சிருக்க வேணாமா அந்தத் தண்டச்சோறு!"

அவள் சிரிக்கவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் மவளுக்குப் பேச்சே வராம இருந்துச்சுங்க. ஐயாகிட்ட வேண்டிக்கிட்டேன், வந்துச்சு. மோட்டார் நின்னுபோனாலும் ஐயாகிட்டதான் சொல்லுவோம். ஓடிரும்."

"வூடு எனக்கு வேணும்மா," என்றான். சொந்த வீட்டைக் கெஞ்சிக் கேட்கும் நிலைமை வந்ததே என்று அழுகை முட்டியது.

விருத்தாம்பாள் போட்டோ பக்கம் தலையைச் சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்பவள்போல் நின்றாள்.

"சரிங்க. போலாம்னுட்டாரு. வூட்ட நீங்க வச்சுக்குங்க. ஐயாவ நாங்க அழைச்சுகிட்டுப் போறோம்."

"அது என் போட்டோம்மா!"

"உங்களுக்கு எதுக்குங்க?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

மாதம் முடிந்ததும் ஸ்ரீமுஷ்ணத்துக்குக் குடிபோனார்கள். சாமான் வண்டியின் முன் சீட்டில் விருத்தாம்பாள் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டாள். வழியனுப்ப வந்த தெருப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஓரமாக நின்ற தேவநாதனிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பானுமதி வந்து பால் காய்ச்சினாள். அந்த வாரமே மோட்டார் நின்றது. வெள்ளிக்கிழமை கேட்டருகே பூவோடு வந்தவர்கள், "ஐயா எங்க குடிபோயிருக்காரு?" என்று அவனிடமே விசாரித்தார்கள். "நான்தாம்மா அது" என்றால், முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் நகர்ந்தார்கள்.

ஒரு மத்தியானம் பானுமதி சோறு போட்டுவிட்டு, பெண்ணாடத்துக்குப் போன் போட்டாள்.

"என்னமோ தெரியலம்மா," என்றாள். "இவ்ளோ பெரிய வூட்ல நான் மட்டும் தனியா இருக்கற மாதிரியே இருக்குது."

தேவநாதன் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.