எல்லாவற்றுக்கும் ‘நல்லாயிருக்கு’

அம்மா இறந்த பிறகும், தெமோதரையிலிருந்து பதுளைக்குப் படிப்பிக்கப் போகும்போது பஸ்ஸில் புதிய ஆல்பங்களைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அனுப்புகிறவர் பதுளையில் போன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன்; நானா என்றுதான் கூப்பிடுவேன். தாளமே இல்லாத இசை, வெறும் இரைச்சலை அடுக்கிச் செய்த இசை என்று எதையாவது தேடிப் பிடிப்பார். முன்பெல்லாம் ஒவ்வொன்றுக்காகவும் கடையில் நின்று அவரோடு சண்டை போடுவேன். இப்போது எல்லாவற்றுக்கும் "நல்லாயிருக்கு" என்று மட்டும் எழுதினேன். காதில் சத்தம் விழுந்தது. அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை.

ஒருநாள் இயர்போன் வாங்கப் போனபோது கேட்டார். "டீச்சர், போன வாரம் அனுப்புனது எனக்கே பிடிக்கல. அதையும் நல்லாயிருக்குன்னு போட்டிருக்கீங்க. கேட்டீங்களா?"

"முழுசா கேட்டேன் நானா. ஒன்னும் தோணல."

அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டு, பால் இல்லாத பிளேன்டீ வரவழைத்தார். பாட்டு எதுவும் போடாமல் இருவரும் குடித்தோம்.

அதன்பிறகும் ஆல்பங்கள் வந்தன. அபிப்பிராயம் மட்டும் கேட்கமாட்டார். நேற்று வந்ததில் ஒரு பெண் ஒரே சொல்லை இருபது நிமிடம் பாடுகிறாள். பஸ்ஸிலிருந்து இறங்குமுன் எழுதினேன்: "பாதியோட நிறுத்தியிருக்கலாம்."

உடனே பதில் வந்தது. "அந்த ரெண்டாவது பாதிதான் டீச்சர் விஷயமே!"

 சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் அந்தப் பாதியை இன்னொரு தடவை கேட்டேன்.