நேசராணியின் மடக்கிய கை

நேசராணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வயிறு எரியும். ஆனாலும் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் சிங்கராயரின் ஒரே தங்கை. நமுனுகுல பக்கத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசையிலேயே, அடுத்த காம்பராவில் குடியிருக்கிறாள். புருஷன் செத்த பிறகு தனியாகக் கொழுந்து பறித்து, மகள் நிலுக்ஷியைப் பண்டாரவளையில் உயர்தரம் படிக்க வைக்கிறாள். உயிரியலாம். என் மகன் சஜீவன் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவன்.

அந்தோனியார் திருவிழாவில் பூசை முடிந்ததும் பெண்களுக்கு, மேசையில் முழங்கை ஊன்றிக் கை மடக்கும் போட்டி நடக்கும். வருஷா வருஷம் அவள்தான் ஜெயிப்பாள். கடைசியில் அவளிடம் தோற்பவள் நான். அவளைவிட ஒரு சாண் உயரம் நான். செடியின் நடுவில் இருக்கிற கொழுந்தையும் எட்டிப் பறிக்கிற கை என்னுடையது. எட்டுகிற கைக்குத்தான் பலம் என்று நினைத்து, மேசையிலும் அப்படியே நீட்டி வைப்பேன். குட்டச்சி அவள், ஒரே அமுக்கு. "என் தங்கச்சிடா!" என்று இவர் துள்ளுவார். ஒரு தரமாவது "என் பொண்டாட்டி" என்று அந்த வாயால் வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு முன்பு, வாசலில் நின்று தண்ணீர்க் குடத்தைக் கை நீட்டித் தூக்கிப் பழகினேன். இவர் படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நேசராணி பார்த்துச் சிரித்தாள்.

"மதினி, கைய நீட்டினா தோத்துருவீங்க. நிலுக்ஷி, அத்தைக்கு வந்து காட்டு."

நிலுக்ஷி இரண்டு கை விரல்களையும் கோத்தாள். "தசைக்குள்ள இழைங்க இப்புடித்தான் ஒன்னுக்குள்ள ஒன்னு கோத்துருக்கு அத்தை. ரொம்ப நீண்டுட்டா நுனி மட்டும்தான் தொடும், பிடியே இருக்காது. ஒரேயடியா சுருங்கிட்டா மேல இழுக்க எடமில்ல. நடு அளவுல இருந்தாத்தான் முழு பலம். முழங்கைய பாதி மடக்கி நெஞ்சுக்கிட்ட வச்சுக்கங்க."

"போட்டிக்காரிக்கே சொல்லிக் குடுக்குறியா?" என்றேன் நேசராணியிடம்.

"ஒரு வருஷம் நீங்களும் ஜெயிங்களேன்."

தர்மம் போடுகிறாளாம்! உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

திருவிழாவில் அப்படியே செய்தேன். என் கையை நெஞ்சோடு வைத்து, அவள் கையை என் பக்கம் இழுத்தேன். அவளுடைய முழங்கை மெல்ல விரிந்தது. விரிந்ததும் பலம் போய்விட்டது. படீரென்று சாய்த்தேன். விட்டுக்கொடுத்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் கழுத்து நரம்பு புடைத்ததை நானே பார்த்தேன்.

எழுந்து இவரைத் தேடினேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"பாத்தீங்களா எல்லாரும்! என் தங்கச்சி சொல்லிக் குடுத்துத்தான் இவ ஜெயிச்சா! யாருக்குடா வரும் இந்த மனசு?"

தோட்டமே கை தட்டியது, தோற்றவளுக்கு.

"ஏங்க, ஜெயிச்சவ இங்க நிக்கிறேன்" என்றேன்.

"தெரியுதுடி. பாவம், அவளுக்குக் கை வலிக்கும். சோடா வாங்கிக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று அவளைக் கடைப் பக்கம் கூட்டிப்போனார். பரிசாகக் கிடைத்த வாளியும் கையுமாக நான் நின்றேன்.