இருட்டறைக்குள் யார் போனது?

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் அவள். ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு ஈக்காரம்மா என்று பெயர். சோளமாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுக் கூழ் காய்ச்சுவாள். மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் குழாய்க்கு ஒன்றாகப் பழ ஈக்களை அடைத்துப் பஞ்சு செருகுவாள்.

அந்த ஈயின் மூளைக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. விடியலில் சுறுசுறுப்பு, நண்பகலில் குட்டித் தூக்கம், அந்தியில் மறுபடி ஆட்டம், இரவில் நல்ல உறக்கம். முழு இருட்டில் வைத்தாலும் பல நாட்களுக்கு ஏறக்குறைய அதே ஒழுங்கில்தான் தூங்கி எழும். இருட்டறையில் அதைத்தான் சோதித்துக்கொண்டிருந்தார்கள். குழாய்க்குள் ஈ நகர்வதையெல்லாம் கருவி குறித்துக்கொள்ளும்.

ஒருநாள் காலையில் கருவியின் திரையைப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. ஒரு வரிசை ஈக்கள் மட்டும் நேரங்காலமில்லாமல் தூங்கி எழுந்துகொண்டிருந்தன. யாரோ உள்ளே போய்க் கைபேசி வெளிச்சம் காட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள்.

சந்தேகம் நேராக நாத்தனார் மேல் போய் உட்கார்ந்தது. அவளை அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவள்தான். கைக்குழந்தைக்காரி, எப்போதும் கண் வீங்கியிருக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆளைக் காணாது. ஈக்காரம்மா இருட்டறைக் கதவிடுக்கில் ஒரு நூலை ஒட்டிவைத்தாள். நூல் அறுபடவில்லை. திரும்ப ஒட்டியிருப்பாள் கள்ளி என்று நினைத்துக்கொண்டு, மாடிப்படியருகே அவளை மடக்கினாள்.

"உண்மையைச் சொல்லு. இருட்டறையிலதானே போய்ப் படுக்குற?"

"என்ன அண்ணி இது? நான் அந்தக் கதவுப் பக்கமே போகல."

"அப்போ தினமும் எங்க மறையுற?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "பால் கட்டிக்குது அண்ணி. துணி வைக்கிற அறையில போய்ப் பீச்சி விட்டுட்டு வர்றேன்."

அதையும் நம்பாமல் ஈக்காரம்மா பேராசிரியரிடம் போய் ஒப்பித்தாள். அவர் சிரித்துவிட்டார்.

"அந்த வரிசையில நான்தான் கடிகார மரபணு பழுதான ஈக்களை வெச்சேன். பகல் ராத்திரி மாத்தி மாத்தி வந்தா அதுங்களும் ஓரளவு ஒழுங்காத்தான் இருக்கும். இருட்டுலயே விட்டாத்தான் குட்டு வெளிப்படும். முன்னாடியே சொன்னா உங்க பார்வை ஒரு பக்கமா சாஞ்சிடுமேன்னு சொல்லல."

அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. துணி அறை வாசலில் போய் நின்றாள்.

"தப்பா நினைச்சுட்டேன்மா."

"ஈ மேல வராத சந்தேகம் என் மேல வந்துடுச்சு, இல்ல அண்ணி?"

நாத்தனாரின் கோபம் ஆற வெகுநாள் பிடித்தது. ஈக்காரம்மாவின் குணம் மட்டும் மாறவில்லை. பேராசிரியர் இப்போது புது ஈக்களை நீட்டினால், "இதுல எதை மறைச்சிருக்கீங்க?" என்று முறைத்துவிட்டுத்தான் கையை நீட்டுகிறாள்.