அந்தோனியார் நின்ற கரை

2006ஆம் ஆண்டு கோடையில், கோர்சிகா தீவின் மேற்குக் கரையில் நடந்தது இது. ஆனால் கதை தொடங்கியது அதற்கு முந்திய பனிக்காலத்தில், மொன்றியலில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

என் கணவர் மன்னார்க் கரையில் பிறந்தவர். இங்கே டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. கூட வேலை செய்த ஒருவரிடம் பழைய பாய்ப்படகு ஒன்று இருந்தது. அதில் போய்ப் போய் இவரும் பழகி, படகோட்டும் அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டார். பிறகு மகளையும் கூட்டிப்போகத் தொடங்கினார். நானோ யாழ்ப்பாணத்தில் கிணற்றடியோடு நின்றவள். படகைக் கண்டாலே பயம்.

ஆனாலும் நான் தடுக்கவில்லை. பதினாறு வயது மகளுக்கு வாயைத் திறந்தால் பிரெஞ்சுதான். இவருடைய பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு, வெங்காயத்துக்கும் சட்டிக்கும் மேலே போகாது. வீட்டில் "சாப்பிட்டியே?" "ஓம்" என்பதோடு இரண்டு பேருக்கும் கதை முடிந்துவிடும். படகில் ஏறிவிட்டால் மட்டும் வாய் ஓயாது. காற்று, கயிறு, பாய் என்று இரண்டு மொழியையும் குழைத்து அடித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே நான் சோறு கட்டிக்கொண்டு போய்க் கரையில் குந்தியிருப்பேன்.

கோர்சிகாவைச் சுற்றிவர வேண்டும் என்பது இருவருக்கும் சேர்ந்து வந்த ஆசை. ஏதோ ஒரு வேகத்தில் நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மேசையில் கடல் வரைபடத்தை விரிப்பார்கள். எங்கெங்கே நங்கூரம் போட்டுத் தங்கலாம் என்று மகள் பென்சிலால் குறிப்பாள். மேற்குக் கரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குடாக்கள் வந்தன. ஒன்று முனைக்குப் பின்னால் ஒதுங்கியது. ஆனால் எண்ணெய்த் தாங்கியும் சரக்கு இறக்கும் துறையுமாக ஒரே அசிங்கம். மற்றதன் கரையில் சின்னக் கோயில் ஒன்று. புத்தகத்திலிருந்து அதன் பெயரை மகளே வாசித்தாள், புனித அந்தோனியார் என்று.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்ப அங்கதான்" என்றார்.

"இல்லையப்பா. தென்மேற்குக் காத்து வந்தா நேர உள்ளுக்க அடிக்கும். அடியில புல் எண்டும் போட்டிருக்கு, நங்கூரம் பிடிக்காது."

"சோளகக் காத்தை எனக்கே சொல்லித் தாறியே? அந்தோனியார் நிக்கிற இடத்திலதான் பிள்ளை நாங்கள் வள்ளம் கட்டுறது. அவருக்கு முன்னால மூழ்கின வள்ளத்தை நான் கண்டதில்லை."

மன்னார்ப் பக்கம் அப்படித்தான். வள்ளங்கள் பயமில்லாமல் நிற்கும் கரையில்தான் அவருக்குக் கோயில் எழும்பும். அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கும் பாதிப் பயம் போய்விட்டது. மகள் உதட்டைப் பிதுக்கிவிட்டு, குறியை அழித்து மற்றக் குடாவில் போட்டாள்.

கோர்சிகாவில் வாடகைக்கு எடுத்த படகில் நாங்கள் அந்தக் குடாவுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு காலை நேரம். கடவுளே, என்ன தண்ணீர்! அடியில் மீன் ஓடுவது தெரிந்தது. இவர் மொன்றியலில் இருந்தே மெழுகுதிரி கொண்டுவந்திருந்தார். கோயில் பூட்டியிருந்ததால் வாசற்படியில் கொளுத்திவிட்டுப் படகுக்குத் திரும்பினோம்.

மத்தியானம் சாப்பிட்டு எழும்பவில்லை, காற்றுத் தொடங்கிவிட்டது. மகள் சொன்ன அதே திசை. அலை நேரே குடாவுக்குள் ஏறியது. "அப்பா, இழுபடுது!" என்று அவள் முன்பக்கத்திலிருந்து கத்தினாள். நங்கூரம் பிடியை விட்டுவிட்டது. இவர் ஓடிப்போய் எஞ்சினைப் போட்டார். அலையில் விழுந்த கயிறு ஒன்று எஞ்சின் விசிறியில் சுற்றி அதுவும் நின்றுபோனது. பின்பக்கம் பாறையில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "உள்ள போ பிள்ளை!" என்று இவர் குழறிக் கத்தினார். அவள் போகவில்லை. ஊதுகுழலை விடாமல் ஊதிக்கொண்டு நின்றாள். நான் அருள்நிறை மரியே செபம் சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, திரும்பத் திரும்பத் தொடக்கத்தையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஊதுகுழல் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்துக் குடாவிலிருந்து ஒரு மீனவர் வந்தார். அந்த அலைக்குள் முன்பின் தெரியாத எங்களுக்காக அவர் வர வேண்டும் என்று ஒன்றுமில்லை. கயிறு எறிந்து, மகள் முதலில் குறித்திருந்த அந்த அசிங்கமான குடாவுக்கே எங்களை இழுத்துப்போனார். அங்கே தண்ணீர் அசையாமல் கிடந்தது. நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஏன் அங்கே போய் நின்றீர்கள் என்று அவர் பிரெஞ்சில் கேட்டிருக்கிறார். மகள் காரணத்தைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னார். "என்னவாம்?" என்று இவர் கேட்டார்.

மகள் எங்களைப் பார்க்காமல் சொன்னாள். "அதுக்குள்ள கனபேர் செத்தவையாம். அவையின்ர அம்மாமார் கட்டின கோயிலாம் அது. வாறவை அதைக் கண்டு விலகிப் போகட்டும் எண்டு."

நான் அப்பவே சொன்னனான் என்று அவள் கத்தியிருக்கலாம். இவர் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு நின்றார். அவளோ நனைந்த கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். கத்தியிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்! பிடிக்கிற சண்டையைப் பிடித்து அங்கேயே முடித்திருப்பார்கள்.

அடுத்த கோடையில் "ஞாயிற்றுக்கிழமை போவமே பிள்ளை?" என்று இவர் ஒருதடவை கேட்டுப் பார்த்தார். தெருமுனைத் தெப்பனர் கடையில் வேலை இருக்கு என்றாள். அதன்பிறகு கேட்கவில்லை. அவளோடு இருந்து கதையுங்கோவன் என்று நான் நச்சரித்தபோது, "என்னத்தைக் கதைக்கிறது? பெத்த பிள்ளையைக் கொல்லப் பாத்தனான்" என்றார். விசர்க்கதை கதையாதேங்கோ என்று ஏசினேன். ஏசினேனே தவிர, அந்தப் பாரத்தை இறக்கிவைக்க எனக்கும் வழி தெரியவில்லை.

சில வருடங்கள் கழித்து மகள் சிநேகிதிகளோடு சேர்ந்து சின்னப் படகு ஒன்று வாங்கினாள். எங்களையும் துறைக்கு வரச் சொன்னாள். "ஏறுங்கோப்பா" என்று கையை நீட்டினாள். இவர் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து அந்தக் கையில் கொடுத்தார். "நீ போ பிள்ளை. உனக்கு இடம் பாக்கத் தெரியும்." கோபமாகச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். அவள் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுப் படகைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கீறல்கூட இல்லாமல் தப்பினீர்களே, அந்தோனியார் காப்பாற்றினார் என்று பங்குக் கோயிலில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தேன். ஆனாலும் அப்பாவும் மகளும் வாய் ஓயாமல் கதைத்துச் சிரித்த ஒரே இடத்தை அந்தக் குடாவில் பறிகொடுத்துவிட்டு வந்தோமே என்பது மட்டும் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.