போர்க்களத்துப் பாறையும் ஒரு கைக்கண்ணாடியும்

பித்தளைச் சட்டம் போட்ட அந்தக் கைக்கண்ணாடி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. என்னுடையதல்ல. எங்கள் குழுவில் படம் வரைபவராக இருந்த சேட்டன் அதை கொச்சியின் பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினார். நான் அவர் பையிலிருந்து எடுத்தேன். திருடினேன் என்றுதான் எழுதவேண்டும். இத்தனை வருடம் கழித்தும் கை கூசுகிறது.

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் எங்கள் அலுவலகம். பழைய சிற்பங்களை அழிவதற்குள் பதிவு செய்வது வேலை. நான் புகைப்படக்காரன். கிழக்கே மலையடிவாரத்தில், பழைய போர்க்களம் என்று ஊரார் சொல்லும் பொட்டலில், வீரர்களைச் செதுக்கிய பாறை ஒன்றை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். மழையில் தேய்ந்த கோடுகள். படத்தில் தெரியட்டும் என்று சாக்பீஸால் தீட்டப் போனேன். சேட்டன் கையைப் பிடித்துவிட்டார்.

"கல்லுல சாக்பீஸ் தொடப்பிடாது, கேட்டியா? இன்னிக்கு நீ தப்பா ஒரு கோடு போட்டா, நாளைக்கு அதையும் பழசுன்னு எழுதி வச்சிருவாங்க."

பிறகு என்னைக் குடை பிடித்துப் பாறைக்கு நிழல் தரச் சொல்லிவிட்டு, கண்ணாடியில் வெயிலைப் பிடித்துப் பக்கவாட்டில் பாய்ச்சினார். ஒன்றுமில்லாத இடத்தில் ஏழு வீரர்கள் எழுந்து நின்றார்கள். எட்டாவதாக ஒருவன் விழுந்து கிடந்தான். கால் விரல்கள்கூடத் தெரிந்தன. எனக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து அது சேட்டனின் பாறை. சாயா கொண்டு வருபவர்கூட அவர் வரைந்த படத்தைப் பார்த்து, விழுந்தவனைப் பற்றி விசாரித்தார். என் புகைப்படங்களை ஒருவரும் கேட்கவில்லை.

சாலைக்காகப் பாறையை உடைக்கலாமா என்று பார்க்க அதிகாரிகள் வந்த அன்று, கண்ணாடியை என் கேமரா பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர்கள் வந்தது உச்சி வெயிலில். நேர் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கோடு எதுவும் தெரியாமல் பாறை வெறும் பாறையாகக் கிடந்தது. சேட்டன் பையைக் கவிழ்த்துத் தேடினார்.

"என்ட கண்ணாடி கண்டியாடா?"

"இல்லியே சேட்டா."

பாறை போய்விடும் என்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. எனக்கு இல்லாத பெயர் அவருக்கும் வேண்டாம், அவ்வளவுதான். சேட்டன் டிபன் பாக்ஸைத் திறந்து, எவர்சில்வர் மூடியை வேட்டி நுனியால் துடைத்தார். ஒரு அதிகாரியின் கையில் குடையைக் கொடுத்தார். மூடியில் வெயிலைப் பிடித்தார். வீரர்கள் வந்தார்கள், விழுந்தவனும் வந்தான்.

"எடுடா இப்போ," என்றார் என்னிடம். எடுத்தேன்.

அதிகாரிகள் போனதும், ஈ மொய்ப்பதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று மூடியில்லாத டிபனிலிருந்து மீனில் பாதியை எனக்குத் தந்தார். "அந்தப் பையைக் கொஞ்சம் இறக்கி வச்சிட்டுத் தின்னேன்டா," என்றார். நான் தோளிலிருந்து இறக்காமலே சாப்பிட்டேன். அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை கேட்டதில்லை.

சாலை ஒதுங்கிப் போயிற்று. பாறையைச் சுற்றி இப்போது கம்பி வேலி இருக்கிறது. நுழைவாயிலில் பெரிதாக்கி வைத்திருப்பது நான் எடுத்த படம்தான், கீழே என் பெயருடன். வேறு எந்தப் படமும் எனக்கு இந்தப் பெயரை வாங்கித் தரவில்லை.

சேட்டன் ஓய்வு பெற்றுத் தோப்பும்படியில் இருக்கிறார், பஸ்ஸில் பத்து நிமிடம். திருப்பிக் கொடுக்கலாம் என்று நேற்றுக் கண்ணாடியை எடுத்தேன். என் அறைச் சுவரில் அதே படத்தின் பிரதி மாட்டியிருக்கிறது. ஜன்னல் வெயிலைப் பிடித்து அதன்மேல் பாய்ச்சினேன். விழுந்தவனின் கால் விரல்களுக்குப் பக்கத்தில், மூடியைப் பிடித்த சேட்டனின் கட்டைவிரல் நிழல் விழுந்திருக்கிறது. என் பெயர் போட்ட படத்திலும் அவர்தான்.

கண்ணாடியை மறுபடி இழுப்பறையில் போட்டு மூடினேன்.