கிளட்ச் இருக்கும் இடம்

வண்டி மாற்றப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் போயிருந்தது என் கால். இடது பாதம். சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆகிறது. போன ஆடிக்குப் பிறகு கணுக்காலுக்குக் கீழே தொட்டால் தெரிவதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் தடவி, தெரியுதா என்று கேட்டார். தெரியுது என்றேன். எங்கே என்றார். குத்துமதிப்பாகப் பெருவிரல் என்றேன். அவர் என்ன எழுதினாரோ, அந்தச் சீட்டை நான் படிக்கவே இல்லை.

மாரண்டஹள்ளியில் தக்காளியும் கோஸும் ஏற்றி ஓசூருக்கு ஓட்டுகிறவன் நான். இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. வேறு ஒரு எழவும் எனக்குத் தெரியாது. மம்பட்டி பிடித்தால் அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கும். ஸ்டீயரிங் பிடித்தால் மட்டும் நான் மனுஷன்.

பழைய வண்டியின் கிளட்ச் கல்லு மாதிரி. நாம் மிதித்தால் அது திருப்பித் தள்ளும். மரத்துப்போன காலால் அதை அழுத்தி மிதிக்கும்போது ரெண்டு முறை பாதம் வழுக்கிவிட்டது. ரெண்டாவது முறை முன்னால் பால் வண்டி நின்றது. மயிரிழையில் தப்பித்தேன். ஓரமாக நிறுத்திவிட்டு, அந்தப் பால் வண்டி கிளம்பிப் போகும் வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை. விஷயம் தெரிந்தால் என் வீட்டுக்காரி சாவியை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிடுவாள். அவளை எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மண்டியில் புது மாடல் பேச்சு வந்தது. அதே பிக்கப், ஆனால் அடியிலிருந்து நுனி வரை மாற்றிவிட்டார்களாம். கிளட்ச் பூவை மிதிக்கிற மாதிரி இருக்கிறதாம். மற்றதெல்லாம் என் காதில் ஏறவில்லை. அழுத்தி மிதிப்பதால்தானே வழுக்குகிறது, அழுத்தவே வேண்டாம் என்றால் இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டேன். தண்ணீரில் போகிறவனுக்குத் துரும்பு கிடைத்த கதை.

தருமபுரி பைபாஸில் இருக்கிற ஷோரூமுக்குக் கிளம்பும்போது அவளும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

விற்கிறவர் கடத்தூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயசிருக்கும். டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதல் வேலையாக உள்ளே இருக்கிற பெரிய திரையைக் காட்டினார். பாட்டு, வழி, போன் எல்லாம் அதில் வருமாம். தக்காளிக்குப் பாட்டு போட்டு என்ன ஆகப் போகிறது என்று கேட்டேன். என் வீட்டுக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

வண்டியைச் சுற்றி வந்தேன். பொய் சொல்லக் கூடாது, நல்ல கட்டுமானம். சேசிஸ் பழசைவிடத் தடிமன். குனிந்து பின்பக்க ஸ்பிரிங் பட்டையை எண்ணினேன், ஒன்று கூட்டியிருக்கிறார்கள். முழு லோடில் குண்டு குழியில் இறங்கினாலும் முதுகு ஒடியாது. கதவைச் சாத்தினால் டப்பா சத்தம் இல்லை, இரும்புப் பெட்டியை மூடுகிற சத்தம். முன்விளக்கு ரெண்டும் முறைக்கிற மாதிரி இருந்தன. பின்னால் சரக்கு ஏற்றுகிற தொட்டிதான் ஒரு சாண் உயரமாகிவிட்டது, லோடு ஏற்றுகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள். கயிறு கட்டுகிற கொக்கியை உள்பக்கம் வைத்திருக்கிறார்கள். லாரியையே தொடாத எவனோ ஏ.சி. ரூமில் உட்கார்ந்து போட்ட படம். இதையெல்லாம் வாய் பேசிக்கொண்டிருந்தது. மனசு முழுக்க அந்த ஒரு பெடலில் இருந்தது.

கிளட்சே இல்லாமல், கார் மாதிரி, லோடு வண்டியில் வருமா என்று போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டேன். எங்களிடம் இல்லீங்கண்ணா என்றார் அவர். ஆனால் இதுவும் கிளட்ச் இல்லாத மாதிரிதான், ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார்.

ஓட்டிப் பார்க்க வைத்திருந்தது ரெண்டு வரிசை சீட்டு உள்ள வண்டி. அவர் என் பக்கத்தில், அவள் பின்னால். ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டேன். சீட்டை உயர்த்தவும் தாழ்த்தவும் முடிந்தது. ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. இடது காலைத் தூக்கி வைத்து மிதித்தேன்.

ஒன்றுமே இல்லை.

இதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பழைய கிளட்ச் என்னைத் திருப்பித் தள்ளும் என்றேன் அல்லவா, அந்தத் தள்ளல் முழங்காலுக்கு வரும், தொடைக்கு வரும், இடுப்பு வரைக்கும் வரும். பாதத்துக்குத் தெரியாததைத் தொடை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை மாசமும் நான் தொடையால்தான் ஓட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். பூ மாதிரி இருந்த இந்தக் கிளட்ச் தொடைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வண்டியும் அதிரவில்லை, இன்ஜின் ஓடுகிற சத்தமும் உள்ளே வரவில்லை. கால் பெடல் மேல் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் குனிந்து பார்த்தேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாகக் கிளட்ச் எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

ஷோரூம் வாசலிலேயே ரெண்டு முறை ஆஃப் ஆனது. புது வண்டி, எல்லோருக்கும் ஆகும் என்று அவர் சமாதானம் சொன்னார். சிரித்து வைத்தேன். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பாலம் ஏறும்போது முன்னால் போன பஸ் நின்றது. ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் தானே பிடித்துக்கொண்டது. எத்தனை நல்ல விஷயம் அது. பஸ் நகர்ந்ததும் நானும் நகர்ந்தேன். கியர் மாற்றக் கிளட்சை மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். கால் போய் விழுந்தது பிரேக்கின் மேல். வண்டி அடித்துப்போட்டதுபோல் நின்றது. என் வீட்டுக்காரி முன்சீட்டில் வந்து மோதினாள். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிய்த்தது. பக்கத்தில் இருந்தவர் மட்டும், பிரேக் எப்படிப் பிடிக்குது பாத்தீங்களாண்ணா என்றார். ஆமாம், பிரமாதம் என்றேன். இடது காலைக் கையால் பிடித்து, வேட்டியோடு தூக்கி, கிளட்சின் மேல் வைத்தேன். கண்ணாடியில் அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படியோ திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினேன். இறங்கியதும் அவள் கேட்டாள்.

"காலுக்கு என்னங்க?"

"ஒன்னுமில்ல. வேட்டி மாட்டிக்கிச்சி."

நான் உள்ளே போய் விற்கிறவரிடம் வெள்ளை நிறமே போதும் என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். பைத்தியக்காரத்தனம்தான். பழகினால் சரியாகிவிடும், குனிந்து பார்த்து ஓட்டலாம், நாலு நாள் காட்டுப் பாதையில் பழகிக்கொள்ளலாம் என்று என்னவெல்லாமோ மனசு சொன்னது. அந்தச் சாவியை விட்டால் வாசலில் உட்கார்ந்து ரோட்டில் போகிற வண்டியை வேடிக்கை பார்க்கிற கிழவனாகிவிடுவேன் என்ற பயம் பிடறியைப் பிடித்துத் தள்ளியது. அவர் புக்கிங் படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, பெயர், ஊர் எல்லாம் கேட்டு எழுத ஆரம்பித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பதில் சொன்னேன். அவள் வந்து என்னை ஒட்டி நின்றாள்.

கையெழுத்து போட அவர் பேனாவை நீட்டினார். அப்போது அவள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நான் ரொம்ப நேரமா உங்க கால மிதிச்சிக்கிட்டு நிக்கறன்."

என் மேல் அவள் கால் தப்பித் தவறிப் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். குனிந்து பார்த்தேன். மெட்டி போட்ட அவள் கால் என் இடது பாதத்தின் மேல் முழுசாக இருந்தது. உடம்பின் பாரம் மொத்தத்தையும் அதன் மேல்தான் வைத்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

பேனாவை மேஜைமேல் வைத்தேன். இன்னொரு நாள் வருகிறோம் என்று விற்கிறவரிடம் அவள்தான் சொன்னாள். நான் அசையாமல் நின்றேன். அவள் காலை எடுத்துவிட்டாளா என்று தெரிந்துகொள்ள மறுபடியும் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.