எண்ணெய் குடிக்காத வண்டி

மட்டாஞ்சேரி எண்ணெய் மில்லுக்குக் கொப்பரை பார்த்து வாங்குவது சிவசங்கரனின் வேலை. ஒரு துண்டை மூக்கருகே கொண்டுபோனால் போதும், வெயிலில் காய்ந்ததா, புகையில் காய்ந்ததா, மழையில் நனைந்த மூட்டையா என்று சொல்லிவிடுவார். அவர் தும்மினால் விலை இறங்கும் என்று எங்கள் தெருவில் கேலி பேசுவோம். ஆனால் ஒரே ஒரு மணம் மட்டும் அந்த மூக்கில் ஏறாது. தேங்காயெண்ணெய்! பகலெல்லாம் அதிலேயே ஊறிக் கிடந்தால் எப்படி ஏறும்? அவர் மனைவி காமாக்ஷி செம்பருத்தி போட்டுக் காய்ச்சித் தலையில் தடவும் எண்ணெயைத் தெருவே மெச்சும், அவரைத் தவிர.

மூக்குக்கு அடுத்த பெருமை கார். யாரோ ஓட்டித் தேய்த்ததை எழுபத்தாறில் வாங்கிய அம்பாசிடர். சனிக்கிழமைதோறும் எஞ்சின் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி, போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டுவார்.

"பாத்தேளா? வாங்கினதுலேருந்து ஒரு சொட்டு ஊத்தலை. அளவு அப்படியே நிக்கறது. எண்ணெயே குடிக்காத வண்டியாக்கும் இது!"

அந்த வண்டி போன வழியெல்லாம் நேந்திரங்காய் வறுவல் மணத்தது. எறணாகுளம் பிராட்வேயில் நிறுத்தினால், உப்பேரி வறுவல் எங்கே பொரிக்கிறார்கள் என்று ஆட்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். சிவசங்கரன் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்து, "ஒரு மணமும் இல்லையே" என்பார். அவ்வளவு பெரிய மூக்கு சொன்ன பிறகு மறுத்துப் பேச யாருக்குத் தைரியம் வரும்?

மகள் ஸ்வர்ணலதாவுக்கு வந்தது. தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்தவளை ஸ்டேஷனிலிருந்து காரில் அழைத்துவந்தார். தோப்பும்படிப் பாலத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கியவள், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

"அப்பா, இதுக்குள்ள யாரோ சட்டி வெச்சு வறுக்கறா. வலி எடுத்தாலும் இனிமே இதுல ஏறமாட்டேன். ஓட்டோல போய்க்கறேன்."

ஆட்டோவிலா? ஆஸ்பத்திரி இருப்பது எறணாகுளத்தில். வழியெல்லாம் குழி. பெண்ணை அதிகம் குலுங்க விடாதீர்கள் என்று டாக்டரம்மா வேறு சொல்லியிருந்தாள்.

மறுநாளே இடக்கொச்சி மெக்கானிக் நாணுவிடம் ஓடினார். நாணு குனிந்து புகையைப் பார்த்தான்.

"நீலப் புகை, சாமீ. கறுப்புன்னா பெட்ரோல் கூடுதல். நீலம்னா எஞ்சின் எண்ணெய் எரியுது. பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும், கேட்டோ."

"எண்ணெய் எரிஞ்சா அளவு கொறைய வேண்டாமோ?" என்று கம்பியை நீட்டினார் சிவசங்கரன். அளவு முழுசாக இருந்தது. நாணு குழம்பிப்போனான். சைலன்சரைக் கழற்றித் தட்டினான், கார்புரேட்டரைக் கழுவினான். வறுவல் மணம் போனபாடில்லை.

மார்கழி பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் நாணு வீட்டுக்கே வந்துவிட்டான். அதனால் சிவசங்கரன் அன்று கோவிலுக்குப் போகவில்லை. கம்பியை உருவினால், அதன்மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. நாணு அதைத் தொட்டு முகர்ந்தான். பிறகு சாமியின் மூக்கைப் பார்த்தான். சொல்லவா வேண்டாமா என்று தயங்கினான்.

அதற்குள் காமாக்ஷி குளித்து, ஈரத்தலையும் கையில் ஆழாக்குமாக வந்தாள். "கொஞ்சம் தள்ளிக்கோங்கோ" என்று எஞ்சின் மேலிருந்த மூடியைத் திருகித் திறந்தாள்.

"என்னடி பண்றே?"

"வெள்ளிக்கிழமையோன்னோ? வண்டிக்கு மகாலக்ஷ்மின்னு பேர் வெச்சது நீங்கதானே? பொம்மனாட்டிக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் வெக்காம விடறதா? நீங்க கோவிலுக்குப் போறப்போ வாராவாரம் வெக்கறேன். வித்த டிரைவர்தான் எங்கே ஊத்தறதுன்னு காட்டினான். உங்க மில்லு எண்ணெய்தான், மொதல் தரம்."

நாணு திரும்பி நின்று சிரித்தான். அந்த எண்ணெய் எரிந்துதான் வறுவல் மணம் வந்தது என்று புரிந்ததும் காமாக்ஷிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "என் கொழந்தை வாந்தி எடுத்தது என்னாலயா?" என்று உள்ளே போய் அழுதாள்.

நாணு எஞ்சினைப் பிரித்து, பழைய எண்ணெயை வடித்து, ஒட்டிக் கிடந்த பிசினைச் சுரண்டி, புது ரிங் போட்டான். வண்டியை ஒப்படைக்கும்போது சொன்னான்:

"ரிங் முன்னமே போச்சு சாமீ. எண்ணெய் எரிஞ்சுட்டேதான் இருந்திருக்கு. அம்மா வாராவாரம் ஊத்தலைன்னா எஞ்சின் எப்பவோ காய்ஞ்சு பிடிச்சிருக்கும்."

அந்தச் சனிக்கிழமை சிவசங்கரன் கம்பியை யாருக்கும் காட்டவில்லை. நாங்களும் வேண்டுமென்றே வாசலில் நின்று பார்த்தோம்.

தை பிறக்குமுன் ஒரு மத்தியானம் ஸ்வர்ணலதாவுக்கு வலி கண்டது. காரருகே வந்து மூச்சை இழுத்தாள். வெறும் பெட்ரோல் வாடை. அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பாலத்தில் சைக்கிள்காரர்கள்கூட முந்திப் போகும்படி அவ்வளவு மெதுவாக ஓட்டினார். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது.

ஒரு வாரத்துக்கு மேல் சிவசங்கரன் ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை. மில் பக்கமே போகாமல் அத்தனை நாள் அவர் இருந்ததே கிடையாது. வெள்ளிக்கிழமை காமாக்ஷி வீட்டுக்குப் போய்க் குளித்து, பிளாஸ்கில் காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மூக்கைச் சுருக்கினார்.

"ஏதோ மணக்கறதே."

"சத்தியமா நான் கார்ல ஒண்ணும் ஊத்தலை!"

"காரில்லைடி. உன் தலை. நன்னா மணக்கறது."

காமாக்ஷி காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"கல்யாணமான நாள்லேருந்து மணக்கறது" என்றாள்.